பேர் வைக்காத பிள்ளைக்கு ஒரு அர்ச்சனை

மகன் இப்போது நித்திரை. அவன் எழும்புவதற்குள் இதைச் சொல்லி முடிக்க வேண்டும். ஒரு முழு நித்திரை கொண்டு எனக்கு எட்டு மாதமாகிறது. அதனால் முன்னுக்குப் பின்னாக ஏதும் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கோ. வெள்ளிக்கிழமை பூசையில் அவனைக் காண்கிறவர்கள் கன்னத்தைக் கிள்ளி, நல்லா வளர்ந்திட்டான் என்கிறீர்கள். அந்தப் பிள்ளை பிழைக்குமா என்று தெரியாமல் நான் ஆஸ்பத்திரி நடையில் நின்ற கதை உங்களில் பலருக்குத் தெரியாது. ஏனென்றால் நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. இது அந்தக் கதை.

என் பேர் சுகந்தி. தோர்ண்டன் ஹீத்தில் இருக்கிறோம். எனக்கு வயதானவர்களைப் பராமரிக்கிற ஒரு கேர் ஹோமில் வேலை. இவருக்கு மொத்தமாகச் சாமான் விற்கிற கேஷ் அண்ட் கரி ஒன்றில் வேலை. விடிய முன்னம் வெளிக்கிட்டால் பின்னேரம்தான் வருவார். இவர் வரும்போது நான் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பேன். வாசலில் ஒருவரையொருவர் கண்டு, "சோறு அடுப்பில இருக்கு", "பிள்ளைக்கு ஹோம்வேர்க் இருக்கு" என்று சொல்லிக்கொள்வதுதான் எங்கள் குடும்ப வாழ்க்கை. மூத்தவள் பவித்திராவுக்கு அப்போது ஐந்து வயது. நாங்கள் கும்பிடுவது அம்மாளாச்சியை. எவ்வளவு களைத்தாலும் வெள்ளிக்கிழமையில் சாமியறை விளக்கைக் கொளுத்தாமல் நான் படுத்ததில்லை.

பவித்திராவுக்குப் பிறகு ஒரு பிள்ளை வயிற்றில் தங்கி மூன்றாம் மாதம் இல்லாமல் போனது. இங்கே நான் வசந்தி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் எனக்குச் சொந்தமில்லை. என்னோடு அதே கேர் ஹோமில் வேலை செய்கிறவர். எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. நான் இந்த நாட்டுக்கு வந்து குளிரில் எந்தச் சப்பாத்துப் போடுவது என்று கூடத் தெரியாமல் நின்றபோது என்னைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனவர் அவர். அவருக்கும் தேவன் அண்ணைக்கும் பிள்ளைகள் இல்லை. செய்யாத வைத்தியம் இல்லை, வைக்காத நேர்த்திக்கடன் இல்லை. பிறகு அதைப் பற்றிக் கதைப்பதையே விட்டுவிட்டார்கள்.

அந்தப் பிள்ளை தங்கிய செய்தியை அக்காவிடம்தான் நான் முதலில் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்து, வயிற்றில் கையை வைத்து, சிரித்துச் சிரித்து அழுதார். அடுத்த கிழமை அது போய்விட்டது.

ஊரிலிருந்து மாமி, இவரின் அம்மா, போனில் சொன்னார்: "பிள்ளையில்லாத மனிசி வயித்தில கை வைச்சதெல்லோ. கண்ணூறு பொல்லாதது, பிள்ளை. அடுத்த முறை ஒருத்தருக்கும் மூச்சுக் காட்டாத."

நான் நம்பவில்லை. இப்படி நடப்பது சாதாரணம் என்று நேர்ஸ் சொன்னதைத்தான் நம்பினேன். ஆனால் நம்பவில்லை என்று சொல்லிக்கொண்டே பயப்பட முடியும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஒன்றரை வருடம் கழித்து மறுபடி தங்கியது. இந்த முறை மாமிக்கும் ஹரோவில் இருக்கிற இவரின் அண்ணை குடும்பத்துக்கும் மட்டும் சொன்னோம். வேலையில் மேனேஜருக்குச் சொல்லத்தான் வேண்டும், சொன்னேன். வேறு ஒருவருக்கும் சொல்லிவிடாதே என்று கையைப் பிடிக்காத குறையாகக் கேட்டுக்கொண்டேன். பிள்ளைக்கு ஒரு சட்டை வாங்கவில்லை. தொட்டில் வாங்கவில்லை. என்ன பேர் வைப்பது என்று கதைக்கவும் இல்லை. கதைத்தால் எந்தக் கெட்டதின் காதிலாவது விழுந்துவிடும் என்ற பயம். பெரிய கோட்டு ஒன்றை வாங்கி அதற்குள் ஒளிந்துகொண்டேன். கோயிலிலும் வாசலடியில் நின்று கும்பிட்டுவிட்டு, பிரசாதத்துக்கு நிற்காமல் ஓடி வந்தேன்.

வசந்தி அக்காவைத்தான் எப்படித் தவிர்ப்பது என்று தெரியவில்லை. இடுப்பு நாரி நோகிறது என்றேன். பவித்திராவுக்குத் தடிமன், மூக்கு ஒழுகுது என்றேன். நல்ல காலமாக அந்த நேரம் பார்த்து அக்காவே மேல் மாடிக்கு வேலை மாறிப் போனார். அம்மாளாச்சிதான் வழி செய்துவிட்டா என்று நினைத்து, அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஏழாம் மாதம் முடியவில்லை. மாசிக் குளிர். வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றேன். கால் வீங்கியிருந்தது, ஒரு இடம் கிடைத்தால் இருக்கலாம் என்பதைத் தவிர மனதில் வேறு ஒன்றுமில்லை. பஸ் வந்தது. ஏறக் காலைத் தூக்கியதும் பன்னீர்க்குடம் உடைந்தது. பஸ் டிரைவர் இறங்கி வந்து தன் ஜாக்கெட்டை நிலத்தில் விரித்தார். முன்பின் தெரியாத ஒரு பெண் ஆம்புலன்ஸுக்குப் போன் எடுத்தாள். அடுத்த நாள் விடிய மகன் பிறந்தான். அழவில்லை. என் கண்ணில் காட்டாமலே கொண்டு ஓடினார்கள்.

அவனை நான் முதலில் பார்த்தது கண்ணாடிப் பெட்டிக்குள்ளே. என் உள்ளங்கையளவு நெஞ்சு. மூக்கில் குழாய், காலில் வயர். பெட்டியில் அவன் பேர் இருக்க வேண்டிய இடத்தில் என் பேரைப் போட்டு, இன்னாரின் பிள்ளை என்று எழுதியிருந்தார்கள். போட அவனுக்கு ஒரு உடுப்பு நாங்கள் வாங்கி வைத்திருக்கவில்லை. யாரோ பின்னிக் கொடுத்த தொப்பி ஒன்றை நேர்ஸ் போட்டுவிட்டிருந்தாள்.

பிறகு துடக்கு. எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பிள்ளை பிறந்தால் முப்பத்தொரு நாள் கோயிலுக்குப் போகக்கூடாது, வீட்டில் விளக்குக் கொளுத்தக்கூடாது. இவர் போய்ச் சாமியறைத் திரையை இழுத்து மூடிவிட்டு வந்தார். பவித்திரா பிறந்தபோதும் மூடினோம். அப்போது அது ஒரு பெரிய விசயமாகத் தெரியவில்லை. கையில் பிள்ளை இருந்தது, வேறென்ன வேண்டும். இந்த முறை அந்தத் திரை என் முகத்துக்கு நேரே மூடினது போல இருந்தது.

இவருக்குக் கிடைத்த லீவு முடிந்தது. என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், பிள்ளையை வைத்துக்கொண்டார்கள். காலையில் பவித்திராவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுப் பஸ் ஏறுவேன். பால் எடுத்துக் கொடுத்துவிட்டுப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். மூன்று மணிக்கு முன் திரும்பி ஓட வேண்டும். ஒரு நாள் பஸ்ஸில் நித்திரையாகிக் கடைசித் தரிப்பிடம் வரை போய்விட்டேன். பள்ளிக்கூட வாசலில் பவித்திரா தனியே டீச்சரோடு நின்றாள். "அம்மா, தம்பி செத்திட்டானோ?" என்று கேட்டாள். எனக்கு அழவும் தெம்பு இல்லை. இல்லை என்று தலையை ஆட்டினேன்.

அது ஒரு வியாழக்கிழமை. நான் போனபோது பெட்டியைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். மகனின் நிறம் மாறியிருந்தது. டாக்டர் அம்மா என்னைப் பக்கத்து அறையில் இருத்தி, மெல்ல மெல்லச் சொன்னார். இரத்தத்தில் கிருமி. மருந்து தொடங்கியாயிற்று. மூச்சு விட மெசினில் போட்டிருக்கிறது. இனி வரும் இரண்டொரு நாள்தான். நல்லாக வரும் என்று சொல்ல அவரால் முடியவில்லை. பொய் சொல்லாத முகம் அவருக்கு. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

நடைக்கு வந்து இவருக்குப் போன் எடுத்தேன். "நாளைக்கு வெள்ளிக்கிழமை. அம்மாளாச்சிக்கு ஒரு அர்ச்சனை செய்விக்க வேணும். அண்ணையைக் கோயிலுக்குப் போகச் சொல்லுங்கோ" என்றேன். இவர் ஹரோவுக்கு எடுத்துக் கதைத்துவிட்டு, எனக்குத் திருப்பி எடுத்தார். "அண்ணையாக்களுக்கும் துடக்கெல்லோ, சுகந்தி. எங்கட ஆக்கள் ஒருத்தருக்கும் கோயிலுக்குப் போக ஏலாது."

என் பக்கத்தில் எனக்கு ஒருவரும் இல்லை. அம்மா, அப்பா காலமாகிவிட்டார்கள். நான் ஒரே பிள்ளை. கோயிலுக்கு நானே போன் எடுத்துச் சொல்லியிருக்கலாம். துடக்கோடு அதற்கும் கை வரவில்லை.

அப்போதுதான் நாங்கள் செய்திருந்த வேலை எனக்கு விளங்கியது. பிள்ளை வருகிறது என்று சொந்தத்துக்கு மட்டும் சொல்லி வைத்தோம். இப்போது அந்தச் சொந்தம் முழுக்கத் துடக்கு. கோயிலுக்குப் போகக்கூடியவர்கள் எல்லோரும் பிறத்தியார். அவர்களில் ஒருவருக்கும் இப்படி ஒரு பிள்ளை உலகத்தில் இருப்பதே தெரியாது. கண் படக்கூடாது என்று அவனை ஒளித்து ஒளித்து, அவனுக்காகக் கும்பிட ஒரு ஆள் இல்லாமல் ஆக்கி வைத்திருந்தோம்.

சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்துவிட்டேன். "அம்மாளாச்சி, எனக்கு ஏலாது. இனி எனக்கு ஏலாது. நீயே ஒரு ஆளைக் காட்டு" என்றேன். அதுதான் நான் செய்த பிரார்த்தனை. தேவாரம் இல்லை, கைகூப்பவும் இல்லை. சொல்லி முடித்ததும் என் மனதில் வந்தது ஒரே ஒரு முகம். இந்த உலகத்தில் யாருக்கு நான் போன் எடுக்கக்கூடாது என்று இருந்தேனோ அந்த முகம்.

நம்பரை அழுத்தினேன்.

"அக்கா, நான் சுகந்தி."

"தெரியும். சொல்லு."

"அக்கா... எனக்குப் பிள்ளை பிறந்திட்டுது."

எப்போது பிறந்தது என்று கேட்கப் போகிறார், ஏன் சொல்லவில்லை என்று கேட்கப் போகிறார் என்று இருந்தேன்.

"பிள்ளை எப்பிடி இருக்கு?"

"சரியில்லை அக்கா. நாளைக்கு வெள்ளிக்கிழமை. எங்கள் எல்லாருக்கும் துடக்கு. அம்மாளாச்சியிட்ட..."

"விளங்குது. காலமை முதல் பூசைக்கே நான் போறன். ஆம்பிளைப் பிள்ளையோ?"

"ஓம்."

"என்ன பேருக்குச் செய்விக்க?"

"பேர் இன்னும் வைக்கேல்லை அக்கா."

"சரி, அதை நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார். "நீ சாப்பிட்டனியோ?"

நீ சாப்பிட்டனியோ என்று கேட்டதும்தான் நான் அழத் தொடங்கினேன். பிறந்த நாள் முதல் அடக்கியது எல்லாம் அந்த நடையில் வந்தது. அக்கா போனை வைக்கவில்லை. நான் அழுது முடியுமட்டும் அந்தப் பக்கம் இருந்தார்.

அடுத்த நாள் கோயிலில் அர்ச்சனை முடித்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஒரு கையில் புட்டும் கறியும், மற்றக் கையில் கடதாசியில் மடித்த விபூதி. துடக்குக்காரியிடம் விபூதியை நீட்டினார்.

"தரலாமோ அக்கா?"

"வருத்தக்காரருக்கு மருந்து குடுக்கேக்கை துடக்குப் பாக்கிறதே? பிடி."

பெட்டிக்குள் ஒன்றும் வைக்கக்கூடாது என்று நேர்ஸ் சொன்னாள். பெட்டியின் வெளிப்பக்கத்தில் ஒட்டிவிட அவளே ஒரு துண்டு டேப் தந்தாள். "வாங்கோ அக்கா, வந்து பிள்ளையைப் பாருங்கோ" என்று கதவைத் திறந்து பிடித்தேன். அக்கா வரவில்லை. ஒரு அடி பின்னுக்குப் போனார்.

"நான் பாக்கேல்லை. நீ போ."

"ஏன் அக்கா?"

அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நீ பிள்ளைத்தாச்சி எண்டு எனக்குத் தெரியும், சுகந்தி. மூண்டாம் மாசமே நடையைப் பாத்துத் தெரிஞ்சுபோச்சு. போன முறை நான் கை வைச்சுத்தானே அப்பிடி ஆனது எண்டு எனக்குள்ள ஒரு பயம். என்ர கண் பட்டிடக்கூடாது எண்டுதான் மேனேஜரிட்டக் கெஞ்சி மேல் மாடிக்குப் போனனான். ஒவ்வொரு வெள்ளியும் உன்ர பேருக்கு அர்ச்சனை செய்விச்சனான். கிட்ட வராமல் தூர நிண்டு செய்யக்கூடியது அதுதானே."

நான் அவரிடம் ஒளித்த மாதங்களில் அவரும் என்னிடம் ஒளித்திருக்கிறார். நான் என் பிள்ளைக்காக ஒளித்தேன். அவரும் என் பிள்ளைக்காகத்தான் ஒளித்தார். அம்மாளாச்சிதான் அக்காவை மேல் மாடிக்கு அனுப்பினா என்று சந்தோசப்பட்டுச் சாப்பிட்ட அந்தச் சோறு இப்போது நெஞ்சில் அடைத்தது.

அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். பலமாகத்தான் இழுத்தேன். அக்கா கையைக் கழுவிவிட்டு வந்து பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். முதலில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு திறந்தார். மகனைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே நின்றார். "என்ர ராசா" என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை ஒரு மாற்றமும் இல்லை. நான் பெட்டிக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தபடி அம்மாளாச்சியை நினைத்துக்கொண்டே இருந்தேன். நினைப்பதற்கும் துடக்கு உண்டோ என்று அக்காவிடம் கேட்டேன். "நினைக்கிறதை ஆர் வந்து தடுக்கிறது, நினை" என்றார். ஞாயிறு பின்னேரம் டாக்டர் அம்மா வந்தார். பொய் சொல்லாத அந்த முகத்தில் முதல் முறையாக ஒரு சிரிப்பு. கிருமி அடங்குகிறது, மூச்சைத் தானே இழுக்கப் பார்க்கிறான் என்றார். நான் அந்த அம்மாவின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவர் பயந்துபோனார்.

மருந்தா, அம்மாளாச்சியா என்று என்னிடம் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். மருந்துதான். அந்த மருந்தைக் கொடுத்த கைகளும், அதை ஏற்றுக்கொண்ட அந்தச் சின்ன உடம்பும், கதவடியில் நின்ற வசந்தி அக்காவும் யார் அனுப்பி வந்தது என்று கேட்டால் எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான்.

அதற்குப் பிறகும் எல்லாம் சுகமாகிவிடவில்லை. இன்னும் பல கிழமை அதே பஸ், அதே கதிரை, அதே பால் மெசின். துடக்குக் கழிந்த நாளில் குருக்கள் வந்து வீட்டில் தீர்த்தம் தெளித்தபோது பிள்ளை வீட்டில் இல்லை. ஆனால் மூன்று மணிக்கு நான் ஓட வேண்டியிருக்கவில்லை. பவித்திராவைப் பள்ளிக்கூடத்திலிருந்து அக்கா கூட்டி வந்தார். வீட்டுக்கு வந்தால் உலையில் சோறு இருந்தது. துண்டு துண்டாக வந்த தொட்டிலைத் தேவன் அண்ணை பொருத்திப் பூட்டிவைத்தார்.

சித்திரை பிறந்த பிறகு மகனை வீட்டுக்கு விட்டார்கள். தேவன் அண்ணை தான் வாடகைக்கு ஓட்டுகிற மினிகாப்பில் வந்து ஏற்றினார். அதிகம் கதைக்கிற மனிசன் இல்லை. அக்கா அங்கே வீட்டில் ஆராத்தி எடுக்கக் காத்துக்கொண்டு நின்றார். வழியில் லைட்டில் நிற்கும்போது நான் சும்மா கேட்டேன். "அண்ணை, அண்டைக்கு அக்கா என்ன பேர் சொல்லி அர்ச்சனை செய்விச்சவ? கேட்டால் சிரிச்சுப்போட்டு விடுறா."

"அம்பிகைபாகன் எண்டு சொன்னவ" என்றார்.

முன்னுக்கு இருந்த இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னண்ணை, எண்பது வயது ஆளின்ர பேர் மாதிரிக் கிடக்கு. இஞ்சை பள்ளிக்கூடத்தில இதை ஆர் வாசிக்கிறது?"

அண்ணையும் சிரித்தார். லைட் பச்சையானதும் ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்: "அவவின்ர அப்பான்ர பேர். எங்களுக்கொரு பெடியன் பிறந்தால் வைக்கிறதெண்டு வைச்சிருந்தது. குருக்கள் பேர் கேக்க வாயில அதுதான் வந்ததாம்."

இவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, பின்னுக்குத் திரும்பி மகனைப் பார்த்தார்.

அன்று பின்னேரமே ஊருக்குப் போன் எடுத்தேன். மாமி நட்சத்திரம் பார்த்து, எழுத்துப் பார்த்து, பிள்ளைக்கு மூன்று பேரைத் தெரிவுசெய்து வைத்திருந்தார். "பேர் வைச்சாச்சு மாமி" என்றேன். "ஆர் வைச்சது?" என்றார். "அம்மாளாச்சி" என்றேன். பிறகு நடந்ததெல்லாவற்றையும் ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். மாமி முழுவதும் கேட்டார். கடைசியில், "அந்தப் பிள்ளையை நான் சுகம் கேட்டனான் எண்டு சொல்லு" என்றார். அக்காவுக்கு ஐம்பது வயதாகிறது. மாமி அவரைப் பிள்ளை என்று சொன்னது எனக்குப் போதும்.

அடுத்த வெள்ளிக்கிழமை மகனை முதன்முதலாகக் கோயிலுக்குக் கொண்டுபோனோம். அக்கா வழக்கம்போலப் பின்னுக்குத் தூணோடு ஒட்டி நின்றார். குழந்தைப் பிள்ளைகள் மேல் தன் கண் படக்கூடாதென்று அவர் எப்போதும் அந்தத் தூணடியில்தான் நிற்பாராம். எத்தனை வருடம் ஒரே கோயிலில் கும்பிட்டும் நான் அதைக் கவனித்ததில்லை. மகனைக் கொண்டுபோய் அவர் கையில் வைத்து, முன்னுக்குக் கூட்டி வந்தேன். குருக்கள் அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு, "பேர்?" என்றார்.

இவர் வாயைத் திறந்தார். நான் இவரின் சேர்ட்டைப் பிடித்து இழுத்தேன். குருக்கள் மறுபடி கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

"அம்பிகைபாகன்" என்றார் அக்கா. கோயில் முழுக்கக் கேட்கச் சொன்னார்.

நான் இப்போதும் களைத்துத்தான் இருக்கிறேன். வேலைக்குத் திரும்பியாயிற்று, இவரின் ஷிப்டும் மாறவில்லை. ஆனால் தனியாகக் களைப்பதில்லை. என் வீட்டில் நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் இனி ஒளிப்பதில்லை. உங்களில் யாராவது இப்போது ஒரு பெரிய கோட்டுக்குள் ஏதாவதொரு பயத்தை மூடிக்கொண்டு நின்றால், அம்மாளாச்சியிடம் சொல்லுங்கோ. சொல்லத் தெரியாவிட்டால் ஏலாது என்று மட்டும் சொல்லுங்கோ, அவவுக்கு அது போதும். பிறகு அவ காட்டுகிற ஆள் யாராக இருந்தாலும் போன் எடுங்கோ.

எங்கள் அம்பி இப்போது தவழ்கிறான். பூசைக்கு மணி அடித்தால் அவன் இருக்க வேண்டிய இடம் வசந்தி அக்காவின் இடுப்பு. அக்கா பழைய பழக்கத்தில் தூணடியில் போய் நிற்கப் பார்ப்பார். தீபம் தெரியவில்லை என்று அவன் கத்தத் தொடங்குவான். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். அக்காவுக்கு வேறு வழியில்லை, முன்னுக்கு வந்துதான் ஆக வேண்டும்.